குளியலறை ஒன்று, அடுப்பு இரண்டு, வேன் 7.40-க்கு

குடும்ப ஆலோசனைக்கு வரும் வேலைக்குப் போகும் பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை மணிக்கு எழுந்தால் காலை நேரம் சரியாக வரும்?" ஐந்து மணிக்கு எழுபவர் நாலரைக்கு எழத் தயாராக இருப்பார். அப்படி எழுந்தாலும் வேனுக்கு ஓடுவது நிற்காது. ஏனென்றால் சிக்கல் 6.15-க்கும் 7.30-க்கும் நடுவில் உண்டாகும் நெரிசலில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு குளியலறை, இரண்டு பர்னர் அடுப்பு, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள். மூன்றும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வேண்டும்.

முதலில் மூன்று நாள் எதையும் மாற்றாமல், எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனைக்கு முடிந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம். 1994-இல் ராஜர் ப்யூலர் குழுவினர் கனடாவில் இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள் மாணவர்கள். ஆனது 55 நாளுக்கு மேல். வீட்டிலும் இதே கதைதான். "இட்லிக்குப் பன்னிரண்டு நிமிஷம்" என்பது வேகும் நேரம் மட்டுமே. தண்ணீர் கொதிப்பது, தட்டில் எண்ணெய் தடவுவது, மாவு ஊற்றுவது, ஆறவிட்டு எடுப்பது எல்லாம் சேர்ந்தால் 25 நிமிடம்.

குறித்த பிறகு வேன் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தெருமுனைக்கு வேன் 7.40-க்கு வருகிறது என்றால், இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி நடக்க 5 நிமிடம், தாமதத்துக்கு 2 நிமிடம்; 7.33-க்கு வாசலில் இருக்க வேண்டும். ஷூ, பை, தண்ணீர் பாட்டிலுக்கு 8 நிமிடம். சின்னக் குழந்தை சாப்பிட 20. உடுத்தி, இரட்டைப் பின்னல் போட 12. இப்போது மணி 6.53. இரண்டு பிள்ளைகளுக்கும் கழிவறையும் குளியலுமாகத் தலைக்கு 20 நிமிடம் என்றால், 6.13-இலிருந்து 6.53 வரை குளியலறை அவர்களுடையது. அப்பா 6.35-க்கு ஷேவிங் செய்ய உள்ளே போனால் அன்றைய வேன் அங்கேயே போய்விட்டது! பெரியவர்கள் 6.13-க்குள் வெளியே வர வேண்டும், அல்லது 6.53-க்குப் பிறகு போக வேண்டும்.

ஒரு பிள்ளையின் குளியலை முந்தைய மாலைக்கு மாற்றினால் பத்து நிமிடம் கிடைக்கும். குளிக்காமல் பள்ளிக்கா என்று பாட்டி முகம் சுளிக்கலாம். முகம் கைகால் கழுவிவிட்டால் போதும். கீசர் உள்ள வீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். 15 லிட்டர், 2,000 வாட் கீசர் சூடேற ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். முதல் ஆள் முழுத் தண்ணீரையும் காலி செய்துவிட்டால் இரண்டாம் ஆள் அத்தனை நேரமும் காத்திருக்க வேண்டும்.

அடுப்படிக் கணக்கு

இட்லி, தோசை இரண்டும் ஒரே மாவுதான், ஆனால் நேரக்கணக்கு வேறு. தோசை ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால் நான்கு பேருக்குப் பன்னிரண்டு தோசை அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒருவர் கல்லை விட்டு நகர முடியாது, ஒரு பர்னரும் போய்விடும். இட்லியும் மொத்தத்தில் 25 நிமிடம்தான், ஆனால் வேகும் 12 நிமிடமும் கை சும்மா இருக்கும். அதற்குள் பின்னல் முடிந்துவிடும். ஆகவே வாரநாள் காலைக்கு இட்லி, தோசை இரவுக்கு. மாவின் போக்கும் இதற்குத் தோதுதான். ஞாயிறு அரைத்த மாவு திங்கள், செவ்வாய் இட்லிக்கு நன்றாக இருக்கும். புதன், வியாழனில் புளிப்பேறிய மாவு இரவு தோசைக்கோ ஊத்தப்பத்துக்கோ போகட்டும். அந்த இரண்டு காலைகளுக்கு ரவை உப்புமாவோ சேமியாவோ.

இன்னொரு பர்னரில் குக்கர். விசில் நான்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று கணக்குப் போடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. ஆவி தானாக அடங்க இன்னும் பத்து நிமிடம் வேண்டும். அரிசியும் பருப்பும் அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால், பற்றவைத்ததிலிருந்து திறக்கும் வரை அரை மணி என்று வையுங்கள். திறந்த பிறகு தாளித்து அடைக்கக் கால் மணி. சாப்பாட்டு டப்பா 7.15-க்கு மூட வேண்டுமானால் குக்கர் 6.30-க்கு அடுப்பில் ஏறியிருக்க வேண்டும்.

இரவே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி, ஈரமில்லாமல் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து நறுக்கலாம். கத்திரிக்காய், வாழைக்காய் கறுத்துவிடும், காலையில்தான். வீட்டில் நேரத்தைச் சத்தமில்லாமல் தின்பது சின்ன வெங்காயம். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் தோல் எளிதாக வரும். அரைக்கிலோவை ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே வீட்டார் எல்லோருமாக உரித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

இரவே செய்யக் கூடாத ஒன்றும் உண்டு: சோற்றை வடித்து மேடையிலேயே விட்டுவிட்டு, காலையில் தாளித்து டப்பாவில் அடைப்பது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த பிறகும் பிழைத்திருக்கும். வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவே வடித்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் இந்த அட்டவணையில் இடம் வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கிளம்பட்டும் என்று எட்டரை வரை அவர்கள் பசியோடு காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். முதல் ஈடு இட்லி அவர்களுக்கு.

பிள்ளை ஏன் மந்தமாக இருக்கிறது

சமையலறையிலிருந்து "சீக்கிரம் கிளம்பு" என்று பத்து முறை கத்தினாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அருகில் போய்த் தோளைத் தொட்டு, "சாக்ஸ் போடு" என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது. நேரம் பார்க்கத் தெரியாத வயதில் "அஞ்சு நிமிஷம்" என்பது வெறும் சத்தம். "பெரிய முள் அஞ்சுக்கு வந்ததும் ஷூ" என்றால் புரியும்.

பெரும்பாலான காலை மந்தத்துக்குக் காரணம் தூக்கக் குறைவு. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. காலை 6 மணிக்கு எழும் பிள்ளை, குறைந்தபட்சக் கணக்கில்கூட இரவு 9-க்குத் தூங்கியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்பும் அப்பாவோடு சேர்ந்து சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் இது நடக்காது. பிள்ளைகள் 7.30-க்குச் சாப்பிட்டுவிடட்டும், சேர்ந்து சாப்பிடுவதை சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். இதை ஒப்புக்கொள்ளப் பல வீடுகளில் மனம் வருவதில்லை, ஆனால் இரண்டையும் பிடிக்க முடியாது.

இரவு ஒன்பது மணிக்கு "நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்" என்ற அறிவிப்பு வராத வீடு இல்லை. சார்ட் ஐந்து, பிரவுன் ஷீட் ஒரு ரோல், லேபிள், பசை, ஏ4 தாள் ஐம்பது, பாஸ்போர்ட் அளவுப் படம் பன்னிரண்டு, ஆதார் நகல் நான்கு. எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில், கட்டிலுக்கு அடியில்.

யார் தலையில் இருக்கிறது

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024-இல் அது 289-ம் 88-மாக இருந்தது. கையால் செய்யும் வேலையின் கணக்கு இது. நினைவில் வைத்திருக்கும் வேலை எதிலும் ஏறுவதில்லை.

"ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்கும் கணவர் நல்லவர்தான். ஆனால் என்ன தீர்ந்தது என்று பார்ப்பதும், எப்போது வாங்குவது என்று தீர்மானிப்பதும் இன்னும் மனைவியிடமே இருக்கின்றன. அதனால் தனித்தனி வேலைகளைப் பங்கிடாமல் ஒரு துறையை முழுதாகக் கைமாற்றுங்கள். பள்ளி என்றால் கட்டணத் தேதி, வாட்ஸ்அப் குழு, சீருடை, வேன்காரரின் எண், பெட்டியில் சார்ட் இருக்கிறதா என்பது வரை எல்லாமே ஒருவரிடம். மாலை 6.30-க்குக் குழுவைப் பார்ப்பதும் அவர் பாடு.

முதல் இரண்டு வாரம் இது சொதப்பும். மஞ்சள் உடை நாளன்று பிள்ளை சீருடையில் போய் நிற்கும். அப்போது மனைவி குறுக்கே புகுந்து பழையபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் திட்டம் அன்றோடு முடிந்தது. கட்டணம், மருந்து, பிள்ளையை அழைத்து வருவது இம்மூன்றில் மட்டும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடை போனால் போகட்டும்.

ஞாயிறு மாலை இருபது நிமிடம் காலண்டரோடு உட்காருங்கள். அடுத்த வாரம் யாருக்கு வெளியூர், எந்த நாள் தேர்வு, கேஸ் எப்போது தீரும், பாட்டிக்கு எந்த நாள் ஓய்வு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது. கடைசிக் கேள்வியைக் காய்ச்சல் வந்த பிறகு காலை ஆறு மணிக்குப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர் என்று காலண்டரிலேயே எழுதிவிடுங்கள்.