ஸ்பேஸ் தானேன்னு ஸ்கிரிப்ட் ஓட்டிடாதீங்க

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு டீம்ல ஒரு பையன் போன் பண்றான், "அண்ணா, வரிக் கடைசில இருக்கற ஸ்பேஸை மட்டும்தான் எடுத்தேன், இப்ப கிட் எந்த கமாண்ட் குடுத்தாலும் எரர் அடிக்குது"ன்னு. ஃபைலைத் தேடற ஃபைண்ட் கமாண்டைப் போட்டு எல்லா ஃபைலையும் அப்படியே டெக்ஸ்டை மாத்தற ஸெட் (sed) கமாண்ட்கிட்ட குடுத்திருக்கான். எல்லா ஃபைலும்னா, கோட் மாற்றத்தையெல்லாம் பதிவு பண்ற கிட் (git) தன்னோட பதிவை வெச்சிருக்கற டாட் கிட் ஃபோல்டருக்குள்ள இருக்கறதும் சேர்த்துதான். கமிட் பண்ணி, அதாவது கிட்ல பதிவு பண்ணி, இன்னும் சர்வருக்கு புஷ் பண்ணாத மூணு நாள் வேலை போச்சு. டாட் கிட்ல அதெல்லாம் ரீட் ஒன்லி ஃபைலாச்சே, எப்படி மாறுச்சுன்னு கேக்கறான். ஸெட் இருக்கற ஃபைலைத் திருத்தறது இல்லப்பா, புதுசா ஒண்ணு எழுதி அதே பேர்ல வெச்சிடும், பழைய ஃபைலோட பர்மிஷன் அதைத் தடுக்காது.

இந்த மாதிரி எத்தனை தடவைதான் பாக்கறது! எல்லாரும் சொல்றது ஒரே வசனம், "வெறும் ஸ்பேஸ் தானே, என்ன ஆயிடப் போகுது". வெறும் ஸ்பேஸ்னு ஒண்ணு கிடையாதுங்க, அதுவும் ஒரு எழுத்துதான், கண்ணுக்குத் தெரியல அவ்ளோதான். புரோகிராமை பில்ட் பண்றதுக்கு எழுதற மேக்ஃபைல்ல கமாண்ட் வரி டேப்லதான் ஆரம்பிக்கணும், அதை எட்டு ஸ்பேஸா மாத்தினா "மிஸ்ஸிங் செப்பரேட்டர்"னு நின்னுடும். மார்க்டவுன்ங்கற டெக்ஸ்ட் ஃபார்மேட்ல வரிக் கடைசில ரெண்டு ஸ்பேஸ் விட்டா அங்க வரி உடையணும்னு அர்த்தம். கோட்ல என்ன மாறுச்சுன்னு எழுதி வெக்கற பேட்ச் ஃபைல்ல காலியாத் தெரியற வரில ஒரு ஸ்பேஸ் இருக்கும், அது அந்த ஃபார்மேட்டோட பாகம். ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே பல வரி டெக்ஸ்டைக் குடுக்கற ஹியர்டாக்ல ஹைஃபன் போட்டு எழுதினா முன்னாடி இருக்கற டேப் மட்டும்தான் போகும், ஸ்பேஸ் போகாது, அதனால டேப்பை ஸ்பேஸாக்கினா முடியற வார்த்தையையே ஷெல் கண்டுபிடிக்காது. டெஸ்ட்ல என்ன அவுட்புட் வரணும்னு வெச்சிருக்கற ஃபைல், பல வரி ஸ்ட்ரிங், இதெல்லாம் தனிக்கதை.

இன்னொண்ணு. வரிக் கடைசி ஸ்பேஸையும் டேப்பையும் எடுக்க ஸெட்டுக்குக் குடுக்கற பேட்டர்ன்ல, சதுர அடைப்புக்குள்ள பேக்ஸ்லாஷ் டி போட்டா லினக்ஸ்ல வர்ற க்னூ ஸெட் அதை டேப்னு புரிஞ்சுக்கும். யூனிக்ஸ் கமாண்டுகளுக்கான பொது விதியான பாசிக்ஸ்படி அது பேக்ஸ்லாஷும் டிங்கற எழுத்தும்தான், அப்படியே எடுத்துக்கற ஸெட்டும் இருக்கு. அதுல ஓட்டினா "ரிட்டர்ன் ரிசல்ட்"ல (return result) கடைசி டி காணாமப் போயிடும், வரித் தொடர்ச்சிக்கு வெச்ச பேக்ஸ்லாஷும் சேர்ந்து போயிடும். அதுக்குப் பதிலா பிளாங்க்ங்கற கேரக்டர் கிளாஸைப் ([[:blank:]]) போடுங்க, அது ஸ்பேஸையும் டேப்பையும் குறிக்கும். ஸ்பேஸ் கிளாஸ் வேணாம், விண்டோஸ் ஃபைல்ல வரி முடிவுல இருக்கற கேரேஜ் ரிட்டர்னையும் அது தூக்கிடும்.

ஓட்டித்தான் ஆகணுமா? முதல்ல இருக்கறதை கமிட் பண்ணி புஷ் பண்ணுங்க. ஃபைண்டை விடுங்க, கிட் பதிவுல இருக்கற ஃபைலை மட்டும் பட்டியல் போடற கிட் எல்எஸ் ஃபைல்ஸ்ல (git ls-files) இருந்து உங்களுக்கு வேணுங்கற எக்ஸ்டென்ஷனை மட்டும் எடுங்க, ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இருக்கும்ங்கறதால பேருக்கு நடுவுல நல் (NUL) கேரக்டர் பிரிப்போட, பட்டியலை கமாண்டுக்குக் குடுக்கற எக்ஸ்ஆர்க்ஸுக்கு (xargs) அனுப்புங்க. முடிஞ்சதும் என்ன மாறுச்சுன்னு காட்டற கிட் டிஃப்பை, ஸ்பேஸ் மாற்றத்தைக் கண்டுக்காத ஹைஃபன் டபிள்யூ போட்டுப் பாருங்க, எதுவுமே வரக்கூடாது, வந்தா ஸ்பேஸைத் தாண்டி வேற எதையோ தொட்டிருக்கீங்க. அது காலியா இருந்தாலும் மேக்ஃபைல் உடைஞ்சிருக்கலாம், அதனால பில்டையும் டெஸ்டையும் ஓட்டாம விடாதீங்க.

அப்புறம் தயவுசெஞ்சு இதை பக் ஃபிக்ஸோட ஒரே கமிட்ல கலக்காதீங்க. ரிவ்யூ பண்றவங்க ஆயிரம் வரி ஸ்பேஸ் மாற்றத்துக்கு நடுவுல உங்க ரெண்டு வரி ஃபிக்ஸை எப்படித் தேடுவாங்க? தனி கமிட்டா போட்டு, அந்த கமிட்டோட ஹேஷை (அடையாள எண்ணை), எந்த வரியை யார் மாத்தினாங்கன்னு காட்டற கிட் பிளேம் கண்டுக்காம விடறதுக்கான இக்னோர் ஃபைல்ல சேர்த்துடுங்க, கிட் 2.23ல இருந்தே அந்த வசதி இருக்கு.