கிண்டர்கார்டன்: பள்ளியா, தோட்டமா, வாடியா?

கிண்டர்கார்டன் என்பது ஜெர்மன் சொல். நமக்கு ஆங்கிலத்தின் வழியே வந்ததால் ஆங்கிலச் சொல் என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஜெர்மனில் ‘கிண்ட்’ என்றால் குழந்தை, ‘கிண்டர்’ அதன் பன்மை, ‘கார்ட்டன்’ என்றால் தோட்டம். குழந்தைகளின் தோட்டம். அகராதி வேலை இத்தோடு முடிந்தது. ஆனால் இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். மழலையர் பள்ளி, பாலர் பள்ளி, முன்பள்ளி, நர்சரி, பால்வாடி என்று ஊருக்கு ஒரு பதில் வரும். இவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதற்கு முன், பள்ளி என்றே பெயர் வைத்திருக்கக்கூடிய ஒரு மனிதர் ஏன் தோட்டம் என்று வைத்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் பிரீட்ரிக் புரோபெல். 1782 ஏப்ரல் 21 அன்று ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற சிற்றூரில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பதினைந்து வயதில் வனத்துறைத் தொழில் பழக ஒரு காட்டு அதிகாரியிடம் அனுப்பப்பட்டார். பிறகு பிராங்க்பர்ட்டில் ஆசிரியர் வேலை. 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் இவெர்தோன் நகரில் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலாட்சி நடத்திய புகழ்பெற்ற பள்ளியில் இருந்து, அவருடைய முறைகளைப் பக்கத்தில் இருந்தே பார்த்தார். அப்புறம் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் பெர்லினில் கனிமங்களின் படிகங்களை வகைப்படுத்தும் வேலை. காட்டிலும் படிகக் கூடத்திலும் கழிந்த இந்த ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் நாலு வரியில் கடந்துவிடும். அவருடைய கல்விமுறை முளைத்ததே அங்கேதான் என்பேன். உள்ளே இருக்கும் ஓர் ஒழுங்கின்படி ஒவ்வொன்றும் தானாகவே வடிவம் பெறுகிறது என்பதை மரத்திலும் கல்லிலும் பார்த்துப் பழகியவர் அவர்.

1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் வாயில் நுழையாத நீளம். பராமரிப்பு, விளையாட்டு, செயல்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்த பெயர். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் இடங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் பெயருக்கு நேர்ப்பொருள், சிறு குழந்தைகளைக் காத்துவைக்கும் நிலையம். பொருளைப் பத்திரமாக வைப்பதற்கும் அதே வினைச்சொல்தான். இன்னொரு பக்கம் பள்ளி என்ற சொல், உட்கார், மனப்பாடம் செய், ஒப்பி என்ற பழக்கங்களோடு வந்தது. இரண்டுமே புரோபெலுக்கு வேண்டாம்.

1840இல் ஒரு நாள், தோழர்கள் மிட்டன்டார்ப், பாரோப் இருவருடன் மலைப்பாதையில் பிளாங்கன்பர்க்குக்கு நடந்துபோகும்போது சட்டென்று நின்று, கிடைத்துவிட்டது, கிண்டர்கார்டன் என்பதே பெயர் என்று கூவினாராம். பாரோப் எழுதிவைத்த நினைவு இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு ஜூன் 28 அன்று அந்தப் பெயரில் அமைப்பு தொடங்கப்பட்டது வரலாறு.

தோட்டம் என்பது வெறும் உவமையாகவும் நிற்கவில்லை. அவருடைய திட்டத்தில் நிஜமான மண் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு சின்னப் பாத்தி, அவற்றைச் சுற்றி எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் குழந்தை விரும்பியதை நடலாம். பொதுப் பாத்தியில் காய்கறிக்கும் பூவுக்கும் இடம் உண்டு, அங்கே எல்லாரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தனக்கும் ஊருக்கும் உள்ள உறவை மூன்று வயதில் வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அங்கே இருப்பவருக்கு அவர் தந்த பெயரும் ஆசிரியை அல்ல. தோட்டக்காரி என்ற பொருள் தரும் சொல். பெண்களுக்கென்று பயிற்சியோடு கூடிய ஒரு தொழிலாக அது வளர்ந்தது. பள்ளி ஆசிரியர் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் இருந்த காலம் அது.

பாடநூலுக்குப் பதிலாக அவர் கொடுத்தவை விளையாட்டுப் பொருட்கள். ‘பரிசுகள்’ என்றே அவற்றுக்குப் பெயர். முதல் பரிசு, நூலால் பின்னிய ஆறு நிறப் பந்துகள். இரண்டாவது, மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய ஒரு பெரிய கனசதுரம். பந்து எங்கும் உருளும், கனசதுரம் வைத்த இடத்தில் நிற்கும், உருளையோ இரண்டும் செய்யும். யாரும் சொல்லாமலே குழந்தையின் கைக்கு இது தெரிந்துவிடும். படிகக் கூடத்தில் வேலை பார்த்தவரின் கை இதில் தெரிகிறது அல்லவா? கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் சிறுவயதில் இந்தக் கட்டைகளோடு விளையாடியதைத் தன் கலைக்கு அடித்தளமாகச் சொல்லியிருக்கிறார். ஷ்வைனா என்ற ஊரில் புரோபெலின் கல்லறைமேல் இருப்பதும் இந்தக் கனசதுரம், உருளை, உருண்டைதான்.

இப்படி விளையாடிக்கொண்டிருந்தவர்களை அரசு தடைசெய்தது என்றால் நம்ப முடிகிறதா? அன்று பல அரசுகளாகப் பிரிந்திருந்த ஜெர்மனியில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு, 1851 ஆகஸ்ட் 7 அன்று கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோசலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபெலின் அண்ணன் மகன் கார்ல் புரோபெல் பெண்கல்வி பற்றி எழுதிய ஒரு சிறு நூலை வைத்து, இவரை அவர் என்று நினைத்துக் குழப்பிக்கொண்டார்கள். அதை எடுத்துச் சொன்ன பிறகும் அமைச்சர் இறங்கிவரவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் புரோபெல் இறந்தார். 1860இல்தான் தடை நீங்கியது.

சொல் பரவியதற்கு அந்தக் காலத்து அரசியலும் ஒரு காரணம். ஜெர்மனியில் 1848இல் மூண்ட புரட்சி தோற்ற பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானியர்களோடு அது கடல் கடந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் 1856இல் மார்கரெட்டே ஷூர்ஸ் தொடங்கியது ஜெர்மன் மொழியில் நடந்தது. பாஸ்டனில் 1860இல் எலிசபெத் பீபாடி ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆங்கிலம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. மற்றப் பல மொழிகள் மொழிபெயர்த்துக்கொண்டன. ரஷ்ய மொழியில் ‘தேத்ஸ்கி சாத்’, எபிரேயத்தில் ‘கான் யெலதிம்’, இந்தோனேசிய மொழியில் ‘தாமான் கானாக் கானாக்’ எல்லாமே குழந்தைகள் தோட்டம்தான். ஜப்பானியரின் ‘யோச்சியென்’ என்பதிலும் கடைசி எழுத்து தோட்டத்தைக் குறிக்கும். மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்த ‘தடிகா’ ஒரு சுருக்கப் பெயர். அதன் முதல் எழுத்துகள் ‘தாமான்’ என்ற சொல்லிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, வந்தவை.

தமிழ் என்ன செய்தது? மழலையர் பள்ளி என்றது. அழகான சொல், மறுப்பதற்கில்லை. மழலை என்றால் முதலில் குழந்தையின் திருந்தாத இன்சொல். குழல் இனிது யாழ் இனிது என்ற குறளில் வருவது ‘மழலைச்சொல்’. பேச்சைக் குறித்த சொல் பேசும் பிள்ளையையும் குறிக்கத் தொடங்கி, மழலையர் ஆயிற்று. புரோபெலிடம் இல்லாத ஒரு நயம் இது. சிக்கல் பின்பாதியில். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பள்ளியை நாம் திரும்பக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழங்கும் பாலர் பள்ளிக்கும் இதே குறைதான். இலங்கையில் சொல்லும் முன்பள்ளி இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளிக்கு முந்தியது என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு அடையாளமே தராமல் விடுகிறது. யாழ்ப்பாணத்தில் பழைய தலைமுறை சொல்லும் ‘அரிவரி வகுப்பு’ எழுத்துப் பழகும் வகுப்பு. அது வேறு வழி. நர்சரியை எடுத்துக்கொண்டால், நம் ஊரில் அந்தப் பலகைக்குக் கீழே செடியும் விற்கலாம், பிள்ளையும் சேர்க்கலாம்.

எனக்குப் பிடித்த விடை பால்வாடி.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் இடம் என்று பலர் அதற்குப் பொருள் சொல்வார்கள். சத்துணவும் சத்துமாவும் கிடைக்கும் இடம் என்பதால் அது பொருந்துவதுபோலவே இருக்கும். ‘வாடி’ என்பதைக் கேட்டு, பிள்ளைகள் வாடிப்போகும் இடம் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. உண்மையில் அது பால + வாடி. பாலர் என்பதில் உள்ள அதே பால. மராத்தியிலும் குஜராத்தியிலும் வாடி என்றால் வேலி அடைத்த தோட்டம், தோப்பு. இந்தியில் பூந்தோட்டத்துக்கு வழங்கும் ‘புல்வாரி’யின் பின்பாதியும் இதுவே. ஆக, பால்வாடி என்றால் குழந்தைத் தோட்டம்! புரோபெலின் சொல் நம் தெருமுனையில் இத்தனை காலமும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாடி நமக்கும் அந்நியம் இல்லை. விறகு வாடி, மரவாடி, கடற்கரையில் மீனவர் போடும் வாடி, மாடு பாய்ந்து வரும் வாடிவாசல் எல்லாவற்றிலும் இருப்பது அடைத்த இடம் என்ற பொருள். ஜெர்மன் ‘கார்ட்டன்’ என்பதற்கும் வேர்ப்பொருள் வேலி அடைத்த இடமே. ஆங்கிலத்தின் ‘யார்டு’ அதற்கு உறவுச் சொல். மரக்கடையைச் சிலர் டிம்பர் யார்டு என்றும் சிலர் மரவாடி என்றும் சொல்வது தற்செயலாக அமைந்த நல்ல மொழிபெயர்ப்பு.

பால்வாடி என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் மகாராஷ்டிரத்துக் கல்வியாளர் தாராபாய் மோடக். அவர் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் வேலை செய்தவர். வக்கீலாக இருந்து குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாயை மீசை வைத்த அம்மா என்று குஜராத்தில் செல்லமாகச் சொல்வார்கள். அவர் 1920இல் தொடங்கியதன் பெயர் ‘பால மந்திர்’. இருவரும் பின்பற்றியது பெரும்பாலும் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழியை. மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தொடங்கியதற்குக் ‘குழந்தைகளின் வீடு’ என்று பெயர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிப் பல நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் அவர். புரோபெலிடம் கற்பனை விளையாட்டு மையம், மாண்டிசோரியிடம் தானே திருத்திக்கொள்ளும் உண்மையான வேலை மையம். ‘மாண்டிசோரி கிண்டர்கார்டன்’ என்று பலகை எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வீடும் தோட்டமும் ஒன்றில்லை.

மோடக் 1945இல் மும்பைக்கு வடக்கே, அன்றைய தாணே மாவட்டத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். அங்கே அனுதாய் வாக் என்ற ஆசிரியை அவருடன் சேர்ந்தார். நல்ல பால்வாடி நடத்தினாலும் ஆதிவாசிப் பிள்ளைகள் வரவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும். அப்படியானால் தோட்டத்தையே பிள்ளையின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று முடிவு செய்தார்கள். ‘ஆங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி அப்படிப் பிறந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு இந்தப் பெயரே நிலைத்தது.

சரி, எழுதும்போது எதைப் போடலாம்? இன்றைய நிறுவனத்தைப் பற்றிய செய்திக்கு மழலையர் பள்ளி போதும். மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தரும் இடத்துக்கு அது மிகச் சரியான சொல்லும்கூட, பள்ளி என்ற பகுதி அங்கே பொய் இல்லை. புரோபெலின் சிந்தனையைப் பற்றி எழுதும்போது குழந்தைத் தோட்டம் என்றே எழுதுவது நல்லது. பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்கலும் உள்ள நகராட்சிப் பூங்காவாகிவிடும். அரசு மையத்துக்குப் பால்வாடி, அங்கன்வாடி இரண்டையும் தயங்காமல் தமிழாகவே எழுதலாம், சாய்வெழுத்தோ மேற்கோள்குறியோ தேவையில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் இந்தியாவில் உருவான சுருக்கங்கள். தோட்டத்தில் கீழ்த் தோட்டம், மேல் தோட்டம் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. சிங்கப்பூரில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று எண்ணிட்டு வைத்திருப்பதுபோல மழலையர் வகுப்பு 1, மழலையர் வகுப்பு 2 என்று எழுதினால் எவருக்கும் புரியும்.