பாட்டு ஓடுகிறது, சத்தம் எங்கே?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து மாமா கூப்பிட்டார். "மாப்ள, பாட்டுப் போட்டா ஓடுது, ஆனா கம்ப்யூட்டரு ஊமையாட்ட நிக்குது. ரெண்டு தடவ விண்டோஸ் மாத்திப் போட்டாச்சு. டிரைவர் போயிருச்சுங்கறாங்க." டிரைவர் என்பது ஒரு கருவியோடு விண்டோஸைப் பேசவைக்கும் நிரல்.

"புதுசா ஏதாச்சும் வாங்கி மாட்டுனீங்களா மாமா?"

"மானிட்டரு மட்டுந்தான். பழசு எரிஞ்சு போச்சு."

அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. பழைய மானிட்டர் நீல நிற விஜிஏ கேபிளில் ஓடியது. அந்தக் கேபிளில் படம் மட்டுமே போகும். புதியது எச்டிஎம்ஐ. அதில் படத்தோடு ஒலியும் போகும். அதற்காகவே கிராஃபிக்ஸ் சில்லுக்குள் தனியாக ஓர் ஒலிச்சுற்று உண்டு. புது மானிட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதையும் ஒரு ஸ்பீக்கராகக் கணக்கில் எடுத்து, ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. ஆனால் மாமா வாங்கிய மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. எத்தனை முறை விண்டோஸ் மாற்றிப் போட்டாலும் அது மறுபடி மானிட்டரைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. சவுண்டு அமைப்பில் பழைய ஸ்பீக்கரை முதன்மையாக்கியதும் வீடு நிறையப் பாட்டு.

இப்படிப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். கணினியில் ஒலி தொலைந்துபோவது குறைவு. வேறு வாசல் வழியாகப் போயிருக்கும், அல்லது பாதி வழியில் நின்றிருக்கும். அது நடந்து வரும் வழி தெரிந்தால் எங்கே நின்றது என்று தேடுவது எளிது. வழி தெரியாதவர்கள்தான் எடுத்த எடுப்பில் டிரைவர் மீது பழி போட்டு, நல்லபடி ஓடிக்கொண்டிருந்ததையும் அழித்துவிடுகிறார்கள்.

பாட்டுக் கோப்பு என்பது சுருக்கி மடித்து வைத்த எண்கள். பிளேயர் அதை விரிக்கிறது. விரித்தால் ஒரு நொடிக்கு, ஒரு காதுக்கு, பெரும்பாலும் 44,100 அல்லது 48,000 எண்கள். குறுந்தகட்டில் இது 44,100. காற்றின் அழுத்தம் அந்த நொடித்துளியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. 16 பிட் என்றால் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. பாட்டு ஓடும்போதே மின்னஞ்சல் மணி அடிக்கலாம், வீடியோ அழைப்பில் யாரோ பேசலாம். எல்லா நிரல்களின் எண்களையும் விண்டோஸின் ஒலி எந்திரம் வாங்கிக் கூட்டி ஒரே ஓடையாக்குகிறது. வழக்கமாக 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, ஒரு காதுக்கு 480 எண்களாக, இந்தக் கூட்டல் நடக்கும். கூட்டிய எண்கள் ரேமில் வட்டமாகச் சுற்றிவரும் ஒரு சிறு இடத்தில் விழுகின்றன. அங்கிருந்து, புராசசரைத் தொந்தரவு செய்யாமல், ஒலிக் கட்டுப்பாட்டகம் என்ற வன்பொருள் தானே அள்ளிக்கொண்டு போகும்.

இந்த வட்டத்தின் வேலையை நீங்கள் காதாலேயே கேட்டிருப்பீர்கள். பாட்டு ஓடும்போது கணினி திடீரென்று உறைந்துபோனால், ஒரு துண்டு ஒலி மட்டும் "ர்ர்ர்ர்" என்று விடாமல் திரும்பத் திரும்ப வரும். புது எண்களை நிரப்ப வேண்டிய விண்டோஸ் நின்றுவிட்டது. அள்ளும் வன்பொருளுக்கு அது தெரியாது. வட்டத்தில் கடைசியாகக் கிடந்த அதே எண்களை மறுபடி மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எரிச்சலூட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான் வரும். மூளை நின்ற பிறகும் கை தன் வேலையைச் செய்கிறது.

கட்டுப்பாட்டகம் அள்ளிய எண்கள், 24 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஓடும் மெல்லிய கம்பித்தடங்கள் வழியாக, நொடிக்கு 48,000 கட்டுகளாக கோடெக் என்ற சில்லுக்குப் போகின்றன. இன்டெல் 2004இல் வெளியிட்ட எச்டி ஆடியோ என்ற முறை இது. கேபினட்டைத் திறந்து பார்த்தால், மதர்போர்டின் பின்பக்க ஜாக்குகளுக்கு அருகே விரல்நகம் அளவில் சதுரமாக உட்கார்ந்திருப்பது கோடெக். எண் மின்னழுத்தமாக மாறுவது அங்கேதான். அதற்குப் பிறகு ஜாக், ஒயர், ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், காகிதக் கூம்பு, காற்று, நம் காது.

இந்த நீண்ட வழியில் ஒரு நல்ல மைல்கல் உண்டு. கன்ட்ரோல் பேனலில் சவுண்டு பகுதியைத் திறந்தால் பிளேபேக் பட்டியல் வரும். பாட்டை ஓடவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஏதாவது ஒரு கருவியின் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால், பிளேயரும் ஒலி எந்திரமும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள். எந்தக் கருவியின் பக்கத்தில் கோடு ஆடுகிறதோ அந்த வாசல் வழியாகத்தான் ஒலி போகிறது. மானிட்டர் பக்கத்தில் ஆடினால் மாமாவின் கதை. சரியான ஸ்பீக்கர் பக்கத்தில் ஆடியும் சத்தம் வராவிட்டால் ஜாக், ஒயர், ஸ்பீக்கரின் பவர் பொத்தான் பக்கம் தேடுங்கள். எங்குமே ஆடாவிட்டால் பிளேயரையோ விண்டோஸின் ஒலிச் சேவையையோ பாருங்கள். பட்டியலே காலியாக இருந்தால்தான் டிரைவரைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். ஒரே பார்வையில் பாதி வழியைக் கழித்துவிடலாம் என்பதால், மற்ற எந்தச் சோதனைக்கும் முன் இதைத்தான் நான் செய்வேன்.

சரி, டிரைவர் என்னதான் செய்கிறது? கோடெக் சில்லுக்குள் ஒரு சிறு ஊரே இருக்கிறது. எண்ணை மின்னழுத்தமாக்கும் மாற்றிகள், கலப்பான்கள், வெளியே போகும் கால்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண். 32 பிட் கட்டளைகள் வழியாக டிரைவர் அவற்றோடு பேசுகிறது. "இந்த மாற்றியை எழுப்பு, அந்தக் கலப்பானோடு இணை, இந்தக் காலின் ஊமையை நீக்கு." சிக்கல் என்னவென்றால், தைவானின் ரியல்டெக் செய்யும் ஒரே மாதிரிச் சில்லை நூற்றுக்கணக்கான மதர்போர்டுகளில் பதிக்கிறார்கள். ஒரு போர்டில் முன்பக்க ஹெட்போனுக்குப் போகும் கால் இன்னொன்றில் எதிலும் இணையாமல் சும்மா கிடக்கும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் 32 பிட்டில் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. இந்தக் கால் பின்பக்கமா முன்பக்கமா, ஸ்பீக்கரா மைக்கா, அதன் ஜாக் பச்சையா இளஞ்சிவப்பா என்பதுவரை அதில் இருக்கும். போர்டைச் செய்தவர் பயாஸ் என்ற தொடக்க நிரல் வழியாக அதை எழுதி வைக்கிறார். விண்டோஸோடு வரும் பொது டிரைவர் இந்தச் சீட்டைப் படித்தே பெரும்பாலான போர்டுகளைப் பேசவைத்துவிடும். சீட்டில் பிழை இருந்தாலோ, அதில் அடங்காத தனிச் சுற்று போர்டில் இருந்தாலோ, போர்டைச் செய்தவரின் டிரைவர்தான் வேண்டும். பின்பக்கம் பாடி, முன்பக்கம் மட்டும் பாடாத கணினிகள் சிலவற்றின் நோய் இதுதான்.

இந்தச் சீட்டு முறையின் அருமை பழைய ஆட்களுக்குத் தெரியும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகளில் அட்டை எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் குறுக்கீட்டு எண், எந்த நேரடி நினைவகத் தடம் என்று ஆளே சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலும் 220, 5, 1 என்று தட்டுவார்கள். இன்னோர் அட்டை அதே எண்ணைப் பிடித்துக்கொண்டால் சண்டைதான். அட்டையில் உள்ள ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டைப் பிடுங்கி வேறிடத்தில் செருக வேண்டும்.

இன்றைய கருவிகள் தாங்கள் யார் என்பதைத் தாங்களே சொல்கின்றன. டிரைவர் உண்மையிலேயே இல்லாதபோது நமக்குக் கைகொடுப்பதும் அதுதான். விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்போ போட்ட கருவியைத் திறந்தால் ஒரு குறியீட்டு எண் இருக்கும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் கருவியை இயக்க முடியவில்லை. 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு சொடுக்கில் சரியாகும். 28 வந்தால் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் 10இசி இருந்தால் ரியல்டெக். 8086 இருந்தால் இன்டெல். தன் புகழ்பெற்ற பழைய புராசசரின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாளமாக வைத்துக்கொண்டது. 10டிஇ என்றால் என்விடியா, அது கிராஃபிக்ஸ் அட்டையின் எச்டிஎம்ஐ ஒலி. அடுத்து வரும் நான்கு இலக்கம் மாடல். 10இசியோடு 0887 இருந்தால் ஏஎல்சி887 சில்லு. பெயர் தெரியாமல் கிடந்த கருவிக்கு இப்போது ஊரும் பெயரும் கிடைத்துவிட்டன.

டிரைவரை போர்டைச் செய்தவரின் தளத்திலிருந்தே எடுங்கள். மாடல் பெயர் போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். "எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்" என்று கூவும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். டிரைவர் விண்டோஸின் உள்ளறையில், தடையில்லாத அதிகாரத்தோடு ஓடும் நிரல். முன்பின் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது அது. சில புதிய இன்டெல் அமைப்புகளில், மடிக்கணினிகளில் குறிப்பாக, மேலடுக்கில் உள்ள கட்டுப்பாட்டகத்தின் டிரைவரை முதலில் போட்டால்தான் கீழே உள்ள கோடெக் கண்ணுக்கே தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் இல்லை, ஒலிக் கருவியும் இல்லை என்றால்? விண்டோஸுக்கே அது தெரியவில்லை. பயாஸுக்குள் போய் எச்டி ஆடியோ என்ற வரி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணையாமலும் காணோம் என்றால், கணினியை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பிறகு போடுங்கள். கணினியை அணைத்தாலும் பவர் சப்ளை போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். குழம்பிப்போன சில்லு அந்த மின்சாரத்தில் குழம்பியபடியே இருந்துவிடலாம். இன்னொரு செய்தி: விண்டோஸ் 8 முதல், வேகத் தொடக்கம் என்ற வசதி இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் கொடுத்தால் உள்ளறை முழுதாக மூடப்படுவதில்லை, அதன் நிலை சேமிப்பு வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுபடி விரிகிறது. சிக்கலும் கூடவே விரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "அணைச்சுப் போட்டேனே" என்பவர்களிடம் நான் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அல்சாமிக்சர் என்ற ஒலி அமைப்பு நிரலைத் திறந்து, தூணின் அடியில் எம்எம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் தடம் ஊமை. எம் விசையைத் தட்டினால் போதும்.

ஜாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. முன்பக்கம் ஹெட்போனைச் செருகியது கணினிக்கு எப்படித் தெரிகிறது? ஜாக்குக்குள் ஒரு சிறு சுவிட்சு. அதோடு ஒரு மின்தடை. நான்கு ஜாக்குகளுக்கு ஏறத்தாழ 5, 10, 20, 39 கிலோ ஓம் என்று இரட்டித்துப் போகும் நான்கு மின்தடைகள், நான்கும் ஒரே கம்பியில். எந்த ஜாக் நிரம்பினாலும், எந்த இரண்டு சேர்ந்து நிரம்பினாலும், அந்தக் கம்பியில் தெரியும் மொத்த மின்தடை வெவ்வேறாக இருக்கும். ஒற்றைக் கம்பியை அளந்து நான்கு வாசலின் நிலையையும் கோடெக் படித்துவிடும். அழகான சிக்கனம். ஆனால் ஜாக்கில் தூசு அடைத்து அந்தச் சுவிட்சு சிக்கிக்கொண்டால், ஹெட்போனை உருவிய பிறகும் அது செருகியே இருப்பதாக டிரைவர் நம்பி, பின்பக்க ஸ்பீக்கரை ஊமையாக்கி வைக்கும். ஹெட்போன் பின்னை நாலைந்து முறை செருகி உருவினாலே பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

இவை எதற்கும் மசியாவிட்டால் ஒரு சின்ன யூஎஸ்பி ஒலிக்கருவியை வாங்கிச் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி ஒலிக்கு 1998 முதல் பொது நியதி உண்டு. அதற்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாட்டு கேட்டால், எண்கள் நன்றாகவே வருகின்றன, போர்டில் உள்ள கோடெக்கோ அதன் ஜாக்கோதான் செத்திருக்கிறது. மதர்போர்டை மாற்றச் சொல்லிக் கடையில் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். செருகியது அங்கேயே இருக்கட்டும்.