கும்மிப் பாட்டுக்குள் ஒரு ஹாம்பர்க் சண்டை

கொங்குப் பக்கம் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்காத ஊர் இப்போது குறைவு. கூடவே பாட்டைப் பதிந்து யூடியூபில் ஏற்றும் வேலையும் பெருகிவிட்டது. கோபியிலோ பெருந்துறையிலோ, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு மாடி அறைக்குள் எட்டிப் பாருங்கள். திரையின் இடப்பக்கம் உடுக்கை, பம்பை, குரல், கோரஸ் என்று பெயர் வரிசை இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக வலப்பக்கம் நீளும் வண்ணப் பட்டைகள், அவற்றின் குறுக்கே இடமிருந்து வலமாக ஓடும் ஒரு கோடு. கியூபேஸ், லாஜிக், ரீப்பர் என்று எந்த ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே முகம்தான். ஆனால் ஒன்றில் சேமித்த வேலையை இன்னொன்று திறக்காது.

முகம் ஒன்றாகவும் கோப்பு வேறாகவும் ஆனது நாற்பது வருடக் கம்பெனிப் போட்டியால். அந்தப் போட்டியில் யார் கை ஓங்கியது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, அந்தந்தக் காலத்துக் கணினி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது என்பதுதான். அதனால் முதலில் கொஞ்சம் கணக்கு.

மைக்கில் விழும் ஒலி காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. மனிதக் காதுக்கு எட்டும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலியைத் திரும்ப உருவாக்க முடியும். ஒரு அளவைக்கு 2 பைட் என்றால் ஒரே ஒரு குரலுக்கு விநாடிக்கு 88,200 பைட், நிமிடத்துக்கு 52.92 லட்சம் பைட் ஆகும். 1985ல் வந்த அட்டாரி 520எஸ்டி கணினியின் மொத்த நினைவகமே 512 கிலோபைட். அதில் வேறு எதுவுமே இல்லாமல் காலியாக இருந்தாலும் ஆறு விநாடிப் பாட்டு கூடக் கொள்ளாது.

சரி, அப்படிப்பட்ட கணினியை வைத்து 80களில் எப்படிப் பாட்டுப் போட்டார்கள்? ஒலியைத் தொடவே இல்லை. ஒலியை உண்டாக்கும் கட்டளையை மட்டும் சேமித்தார்கள். அந்தக் கட்டளை மொழிதான் மிடி. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்டை நடத்திய இகுடாரோ ககேஹாஷியும் இதற்கு முன்நின்றவர்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கம்பெனியின் கீபோர்டுகளையும் ஒரு வயரால் இணைத்து, ஒன்றை அழுத்தி மற்றதில் ஒலி வரவைத்துக் காட்டினார்கள். சந்தையில் இருவரும் நேரடிப் போட்டியாளர்கள். அப்படியிருந்தும் மிடிக்கு உரிமத் தொகை கேட்கவில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். 2013ல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி கொடுத்தார்கள்.

மிடியில் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் சொல்ல 3 பைட், நிறுத்தச் சொல்ல 3 பைட் போதும். மூவாயிரம் ஸ்வரம் உள்ள பாட்டுக்கு 18,000 பைட். எப்போது அடிக்க வேண்டும் என்ற நேரக்குறிப்பு தனியாகக் கொஞ்சம். அட்டாரிக்கு இது பொரி உருண்டை. போதாததற்கு அட்டாரி எஸ்டியிலேயே மிடி துளைகளையும் வைத்து விற்றார்கள்.

ஆனால் மிடி என்பது கீபோர்டு விற்பவர்கள் கூடிப் போட்ட ஒப்பந்தம். உடுக்கையை அதற்குள் அடக்கப் பார்த்தால் இது தெரியும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடது கை அழுத்த அழுத்த, தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அண்ணன்மார் கதை பாடுகிறவரின் உடுக்கை பேசுவது போலக் கேட்பதற்கு இந்த அழுத்தம்தான் காரணம். மிடியில் ஸ்வரத்துக்கு 128 படிகள்தான். வழுக்கலுக்கு பிட்ச் பெண்ட் என்று தனிக் கட்டளை உண்டு, அதில் 16,384 படிகள் இருக்கின்றன. ஆனால் அது ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் ஒட்டுமொத்தமாக வளைக்கும். விசைக்கு ஓர் அடி என்று பதிந்து வைத்த ரெடிமேட் உடுக்கை ஒலிகள் கட்டையாகக் கேட்பது இதனால்தான். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளைக்கும் எம்பிஇ முறை 2018ல்தான் மிடியின் அதிகாரபூர்வப் பகுதியானது. எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் இன்றும் உடுக்கைக்காரரைக் கூப்பிட்டு மைக் வைத்துப் பதிகிறார்கள். அதுதான் சரியும்கூட.

இனி ஹாம்பர்க். கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மான்ஃபிரட் ரூருப்பும் 1984ல் அங்கே ஸ்டைன்பெர்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஜெர்மனியில் சி-லேப் என்ற கம்பெனி கிரியேட்டர், நோட்டேட்டர் என்ற மென்பொருள்களோடு எதிரே நின்றது. சி-லேப் ஆட்கள் பாட்டைத் துண்டு துண்டான பேட்டர்ன்களாகச் செய்து சங்கிலி போலக் கோத்தார்கள். நோட்டேட்டரின் பலம் இசைக்குறிப்பை அழகாக அச்சிடுவது. 1989ல் ஸ்டைன்பெர்க் கியூபேஸை இறக்கியது. அதில் வாத்தியத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று ட்ராக்குகள் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தன, நேரம் இடமிருந்து வலமாக ஓடியது, பட்டைகளைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேறிடத்தில் வைக்க முடிந்தது. பாட்டு முழுக்க ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரிந்ததும் பேட்டர்ன் சங்கிலி பழையதாகிவிட்டது. சி-லேப்பின் முக்கியமான ஆட்கள் பிரிந்து எமேஜிக் கம்பெனி தொடங்கி லாஜிக்கைக் கொண்டுவந்தபோது அதிலும் இதே அமைப்புதான் இருந்தது. முதல் பத்தியில் சொன்ன அந்த முகம் பிறந்த இடம் இது.

அமெரிக்காவில் வேறு பாதை. பீட்டர் காட்சரும் இவான் புரூக்ஸும் தொடங்கிய டிஜிடிசைன், ஆரம்பத்தில் டிரம் மெஷினுக்கு மாற்றுச் சில்லு விற்ற கடை. இவர்கள் மிடியோடு நிற்காமல் ஒலியையே கணினிக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். நினைவகம் போதாத சிக்கலுக்கு ஹார்டு டிஸ்க் வழி செய்தது. ஆனால் கணக்கு இடித்தது.

ஒலியைக் கூட்டிக் குறைப்பது என்றால் ஒவ்வொரு அளவையையும் ஓர் எண்ணால் பெருக்குவது. பேஸ், டிரெபிள் திருத்தும் ஈக்யூவின் ஒரு பட்டைக்கு, அளவை ஒன்றுக்கு 5 பெருக்கல் பிடிக்கும். 16 ட்ராக், ட்ராக்குக்கு 4 பட்டை என்றால் விநாடிக்கு 1.41 கோடி பெருக்கல். அன்றைய மேக் கணினியின் மூளைக்கு ஒரு பெருக்கலுக்கே இருபது முப்பது சுழற்சி, அதாவது அதன் உள் கடிகாரத்தின் துடிப்பு, ஆகும். விநாடிக்கு அதனிடம் இருந்ததோ அதிகபட்சம் 4 கோடிச் சுழற்சி. நடக்கிற காரியமில்லை. ஆனால் மோட்டோரோலா 56001 போன்ற டிஎஸ்பி சில்லுகள், பெருக்கிக் கூட்டும் இந்த ஒரு வேலையை ஒரே கட்டளையில் முடிப்பதற்கென்றே செய்தவை. டிஜிடிசைன் அந்தச் சில்லை ஒரு கார்டில் வைத்து, கார்டை மேக்கில் சொருகி விற்றது. புரோ டூல்ஸ் என்ற பெயரில் 1991ல் வந்த அதன் முதல் பதிப்பு வெறும் நான்கு ட்ராக், விலை சுமார் 6,000 டாலர்.

கார்டு இல்லாமல் மென்பொருள் ஓடாது, கார்டையோ இவர்களிடம்தான் வாங்க வேண்டும். தொடக்கத்தில் இந்தக் கட்டாயம் இயற்பியல் போட்டது. பிறகு வியாபாரம் அதை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டது. 1995ல் டிஜிடிசைனைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஏவிட், சுருக்கமான ஓர் இலவசப் பதிப்பை விட்டுவிட்டால், 2010ல் வந்த புரோ டூல்ஸ் 9 வரைக்கும் தன் குடும்பத்துப் பெட்டி இல்லாமல் அதை ஓடவிடவில்லை. கணினிகள் எப்போதோ போதுமான வேகத்தை எட்டிவிட்டிருந்தன.

அந்த வேகத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது ஸ்டைன்பெர்க். 1996ல் மேக்கில் வந்த கியூபேஸ் விஎஸ்டி, தனிச் சில்லு இல்லாமல் கணினியின் மூளையிலேயே ட்ராக்குகளையும் எஃபெக்ட்டுகளையும் ஓட்டியது. அதைவிடப் பெரிய காரியம், எஃபெக்ட்டைச் சொருகும் முறையின் விவரத்தை வெளியாருக்குத் திறந்துவிட்டது. அந்த முறைக்கும் விஎஸ்டி என்றே பெயர். யார் வேண்டுமானாலும் எதிரொலியோ ஈக்யூவோ எழுதி உள்ளே சொருகலாம். அப்படிச் சொருகும் துண்டு மென்பொருள்தான் ப்ளக்-இன். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்குக்குத் துணி போய்வருகிற மாதிரியே, மைய மென்பொருள் ஒலியை 256 அல்லது 512 அளவைகள் கொண்ட கட்டுகளாக்கி ஒவ்வொரு ப்ளக்-இன்னிடமும் கொடுக்கும். ப்ளக்-இன் தன் வேலையை முடித்து, அதே எண்ணிக்கையில் கட்டைத் திருப்பித் தர வேண்டும். உள்ளே என்ன செய்தது என்று மைய மென்பொருள் கேட்பதில்லை. நேரத்துக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. வராவிட்டால் ஸ்பீக்கரில் படக் படக் என்று வெடிக்கும். 1999ல் வந்த விஎஸ்டியின் இரண்டாம் பதிப்பில் வாத்தியங்களும் இதே வழியில் உள்ளே வந்தன. கீபோர்டு வாங்க வேண்டிய அவசியமே குறைந்தது.

இந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். பாடுகிறவருக்கும் பதிகிறவருக்கும் நடக்கும் சச்சரவில் பாதி இதனால் வருவது.

“ஏனுங்க தம்பி, நான் அடிக்கறது ஒண்ணு, காதுல கேக்கறது பின்னாடி வருதுங்களே?”

“இருங்கண்ணா, பஃபரைக் குறைச்சுட்டு வர்றனுங்க.”

பஃபர் 1,024 என்று இருந்தால், உள்ளே வர ஒரு கட்டு நிறையும் நேரம் 23 மில்லி விநாடி, வெளியே போக இன்னொரு 23. ஹெட்போனில் உடுக்கை 46 மில்லி விநாடி பிந்திக் கேட்கும். ஒலி காற்றில் அந்த நேரத்தில் 16 மீட்டர் போய்விடும்; தன் கையிலுள்ள உடுக்கையைப் பதினாறு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டால் யாருக்குத்தான் தாளம் நிற்கும்? 128க்கு இறக்கினால் மொத்தம் 6 மில்லி விநாடிக்குள் அடங்கும், அதாவது 2 மீட்டர். அது யாருக்கும் உறுத்தாது. ஆனால் கட்டு சின்னதானால் கணினி அடிக்கடி கட்டை முடித்துத் தர வேண்டும். ப்ளக்-இன் கூடினால் திணறும். அதனால்தான் பதியும்போது பஃபரைக் குறைத்து வைத்து, மிக்ஸிங்கில் ஏற்றிவிடுகிறார்கள். விண்டோஸ் ஒலியைத் தன் பல அடுக்குகள் வழியாக அனுப்பி இன்னும் தாமதப்படுத்தியது. அதைத் தாண்டி நேராக ஒலிக் கருவியோடு பேசும் ஆசியோ என்ற வழியை 1997ல் கொண்டுவந்ததும் ஸ்டைன்பெர்க்தான்.

திறந்த கதவு ஒன்று இருந்தும் எல்லோரும் அதில் நுழையவில்லை. ஏவிட் தனக்கு ஆர்டாஸ், பிறகு ஏஏஎக்ஸ் என்று வேறு துளை வைத்துக்கொண்டது. 2002 ஜூலையில் ஆப்பிள் எமேஜிக்கை வாங்கியது. அதே செப்டம்பரோடு விண்டோஸுக்கான லாஜிக் நின்றது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஆப்பிளும் ஆடியோ யூனிட்ஸ் என்று தன் பங்குக்கு ஒரு துளை போட்டது. ஒரே எதிரொலி ப்ளக்-இன்னை மூன்று விதமாக எழுத வேண்டிய தலைவலி, அதைச் செய்யும் சின்னக் கம்பெனிகளுக்கு. விலை விஷயத்தில் மட்டும் ஆப்பிள் வந்தது நமக்கு லாபம். 2004ல் 999 டாலராக இருந்த லாஜிக் 2007ல் 499, 2011ல் 199 என்று இறங்கியது. கணினி விற்கும் கம்பெனிக்கு மென்பொருளில் லாபம் பார்க்க அவசியமில்லை. தனி மென்பொருளை மட்டுமே விற்றுப் பிழைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். 1987ல் டாஸில் தொடங்கிய கேக்வாக்கை 2013ல் கிப்சன் கிட்டார் கம்பெனி வாங்கி 2017ல் மூடியது. மறு வருடம் பேண்ட்லேப் எடுத்து இலவசமாகவே கொடுத்தது.

நம்மூர்ப் பையன்கள் பலர் கைபழகியது பெல்ஜியத்து இமேஜ்-லைனின் எஃப்எல் ஸ்டுடியோவில். ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் 90களின் கடைசியில் வந்தபோது அது கட்டம் போட்ட டிரம் பலகை மட்டும்தான். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புதுப் பதிப்பு இலவசம் என்று அவர்கள் வைத்த வழக்கம் இன்றும் ஓடுகிறது. கட்டத்தில் குறை ஒன்று உண்டு. கும்மி மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். கட்டம் ஒரே வேகத்தை நம்புவது. டெம்போவைப் பாட்டு நெடுக ஏற்றி எழுத எல்லா மென்பொருளிலும் வசதி உண்டு. அதை எழுதச் சோம்பல்பட்டு, ஒரே வேகத்தில் தட்டும் கிளிக் சத்தத்துக்குப் பாடவைத்த கும்மிப் பாட்டுகளுக்கு ஆடிப் பார்த்தால் கால் சொல்லிவிடும்.

திறப்பதும் பூட்டுவதுமாக இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. பழைய விஎஸ்டி 2க்கு ப்ளக்-இன் எழுத உதவும் மென்பொருள் கருவிகளை 2018ல் ஸ்டைன்பெர்க்கே நிறுத்தி, எல்லோரையும் தன் மூன்றாம் பதிப்புக்குத் தள்ளியது. 2022ல் பிட்விக், யு-ஹீ என்ற இரு கம்பெனிகள் கிளாப் என்ற கட்டற்ற மாற்றை வெளியிட்டன. 2025ல் ஸ்டைன்பெர்க் விஎஸ்டி 3ஐயும், யாரும் கட்டணமின்றி எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது.

கோப்பு விஷயத்திலும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. ஏபிள்டன் என்ற இன்னொரு இசை மென்பொருள் கம்பெனியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய பிட்விக்கும், பழைய ஸ்டைன்பெர்க் ஆட்கள் எழுதிய ஸ்டுடியோ ஒன் மென்பொருளை அப்போது வைத்திருந்த பிரீசோனஸும் சேர்ந்து, 2023ல் டாப்ராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தன. 2024ல் கியூபேஸ் 14 அதில் சேர்ந்தது. இரண்டு பக்கமும் அதைத் திறக்கும் மென்பொருள் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், கோபியில் பதிந்ததைக் கோயமுத்தூரில் மிக்ஸ் செய்யப் பழைய வழிதான்: ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்தே, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். உடுக்கை மூன்றாவது நிமிடத்தில்தான் வந்தாலும் அதன் கோப்பும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கட்டும். டெம்போ ஏறும் இடங்களை மட்டும் தனியாக ஒரு மிடி கோப்பில் ஏற்றிக் கூட அனுப்புங்கள். அந்த 1983 ஒப்பந்தத்தின் வழியில் வந்த கோப்பை எல்லா மென்பொருளும் படிக்கும்.