டிஸ்க் காணவில்லை என்று வந்தால் உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள்

ஐப்பசி மழை நாளொன்றில் குளச்சலிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் தன் சிபியூவை பாலித்தீன் பையில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்து நாகர்கோவிலில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்தார். காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால், பூட் டிவைஸ் (கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான டிஸ்க்) கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரை வருகிறதாம். "ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு சொல்லிட்டாவ தம்பி. ஃபார்மேட் பண்ணிப் பாக்கலாம்னும் சொன்னாவ. எனக்க ரெண்டு வருசத்துக் கல்யாணப் படம் முழுசும் அதுலதான் கெடக்கு."

"அண்ணே, அந்த மெசேஜ் வந்த பிறகு பவரை ஆஃப் பண்ணாம ரீஸ்டார்ட் மட்டும் குடுத்தா வருதா?" என்று கேட்டேன்.

"வரும். ரெண்டாவது தடவை எப்பவும் வந்திரும். மத்தியானத்துக்கு மேல ஒரு தொந்தரவும் கெடையாது."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. செத்துப்போன டிஸ்க் இரண்டாவது தடவையும் வராது. காலையில் முதல் தடவை மட்டும் மறைந்து, ரீஸ்டார்ட்டில் திரும்பி வருகிற டிஸ்க், பெரும்பாலும் கூப்பிட்ட நேரத்துக்குத் தயாராகாத டிஸ்க்தான்.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் அசையாமல் கிடக்கின்றன. கரண்ட் வந்ததும் அவை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்தை எட்ட வேண்டும். அதற்குச் சில விநாடிகள் ஆகும். சில டிஸ்க்குகளுக்குப் பத்து விநாடிகூட ஆகலாம். அந்தச் சமயத்தில்தான் 12 வோல்ட் லைனிலிருந்து மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும், ஏறக்குறைய 2 ஆம்பியர். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழசாகி உள்ளே கெப்பாசிட்டர்கள் வற்றியிருந்தால் வோல்டேஜ் சற்றுத் தாழும், தட்டு வேகம் பிடிக்க இன்னும் தாமதமாகும். ரீஸ்டார்ட்டில் தட்டுகள் நிற்பதில்லை. அதனால் கேட்டதும் பதில் கிடைக்கிறது.

இவருடைய கம்ப்யூட்டரில், சீக்கிரம் திறக்கட்டும் என்று யாரோ பயாஸில் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி டிஸ்க்கைத் தேடும் மென்பொருள்) ஃபாஸ்ட் பூட்டை ஆன் செய்திருந்தார்கள். வேகம் பிடிக்காத டிஸ்க், காத்திருக்காத பயாஸ். முதலில் படங்கள் முழுவதையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். அது முடிந்த பிறகே பயாஸைத் தொட்டேன். ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் காலையிலும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

பயாஸுக்குப் பிறகு கம்ப்யூட்டரை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) இதே பாடுதான். ஒரு பென் டிரைவைச் செருகினால், தொடர்பு உறுதியாக நிலைக்கிறதா என்று பார்க்க யூஎஸ்பி விதிப்படி 100 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். பிறகு ரீசெட், பிறகு ஒரு முகவரி, பிறகு 'நீ யார்' என்ற விசாரணை, அதன்பின் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள். லினக்ஸ் இதற்கு மேலும் ஒரு விநாடி பொறுத்துத்தான் உள்ளே இருக்கும் சேமிப்பைத் தேடும்; முன்பு இது 5 விநாடியாக இருந்தது. மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்கும் ரீசெட் முடிந்து குறைந்தது 100 மில்லிவிநாடி விட்டே முதல் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. இந்தக் காத்திருப்புகள் எதுவும் வீண் அல்ல.

எத்தனை விநாடி காத்திருப்பது என்பதைவிட, எதற்காகக் காத்திருப்பது என்பதையே நான் முக்கியமாக நினைக்கிறேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒருவரை நிறுத்தி, 'பத்து நிமிஷம் நில்லுங்க' என்று சொல்லலாம். 'மார்த்தாண்டம் பஸ் வருகிறவரை நில்லுங்க' என்றும் சொல்லலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குக் கொடுக்கும் ரூட்டிலே (rootdelay) என்ற அமைப்பு முதல் வகை. 10 என்று கொடுத்தால், டிஸ்க் இரண்டாவது விநாடியில் தயாரானாலும் 10 விநாடி நிற்கும். பதினோராவது விநாடியில் தயாரானால் ஏமாந்துபோகும். ரூட்வெயிட் (rootwait) என்ற அமைப்பு இரண்டாவது வகை. டிஸ்க் தலைகாட்டியதும் மேலே போகும். ஆனால் டிஸ்க் உண்மையிலேயே செத்திருந்தால் முடிவில்லாமல் நிற்கும், அதையும் தெரிந்தே வைக்க வேண்டும்.

தக்கலையில் ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வர், பேக்கப்புக்கான யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிய நாளில் 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிட்டது. அது, லினக்ஸ் எழும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd) வழக்கமாகக் கொடுக்கும் கெடு. எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், அந்த டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் (nofail) என்று சேர்த்தேன். இப்போது டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும். அங்கே டிஸ்க்குகளை எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயரில் எழுதியிருந்தார்கள். எந்த டிஸ்க் முந்தித் தயாராகிறதோ அதற்கு முதல் பெயர் போய்விடலாம், ஆகவே ஒரு நாள் இரண்டும் இடம் மாறி பேக்கப் தவறான டிஸ்க்கில் விழக்கூடும். யூயூஐடி (UUID) என்ற மாறாத தனி அடையாள எண் கொண்டு எழுதினால் அந்தப் பயம் இல்லை.

இந்தச் சிக்கல் விண்டோஸிலும் உண்டு. தோவாளையில் விடியுமுன்னே பூ எடை போடும் ஒரு கடை. கம்ப்யூட்டர் திறந்ததும் பில்லிங் மென்பொருள் தானாக ஓடும். தராசின் யூஎஸ்பி சீரியல் கேபிள் அதற்குப் பிறகுதான் காம் போர்ட்டாக (தராசோடு மென்பொருள் பேசும் வழி) தெரியவரும். தராசைக் காணவில்லை என்று பில் நின்றுவிடும், வெளியே பிச்சிப்பூ வாடிக்கொண்டிருக்கும். மென்பொருள்களை நேரம் குறித்து ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த மென்பொருளுக்கு 30 விநாடி தாமதம் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு உதாரணத்தின் முதல் வகைதான் இது, எனக்கு முழுத் திருப்தி கிடையாது. போர்ட் வரும்வரை மறுபடி மறுபடி கேட்கும்படி மென்பொருளையே எழுதியிருக்க வேண்டும். கேபிளை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன், துளை மாறினால் காம் எண் மாறிவிடுவதுண்டு.

இன்னொன்று: விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னல் முழுதாக மூடுவதில்லை, டிஸ்க்கில் சேமித்து வைத்துத் திரும்ப எடுக்கிறது. பிரிண்டரோ ஸ்கேனரோ தெரியவில்லை என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்போதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தேடும்.

தாமதம் கொடுப்பது எல்லா நேரத்திலும் சரியான வைத்தியம் ஆகாது. போன மாதம் 5 விநாடி போதுமாக இருந்த டிஸ்க்குக்கு இந்த மாதம் 15 விநாடி தேவைப்பட்டால், அதை இன்னும் நீட்டாதீர்கள், அன்றே காப்பி எடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கனெக்டர்களின் பின்களை அரித்துவிடும். டிவைஸ் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகே பிடிபடும். அதற்கு மருந்து கேபிளை மாற்றுவதும் பின்களைச் சுத்தம் செய்வதும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் ரீஸ்டார்ட் சோதனையும் வேண்டாம். உடனே பவரை நிறுத்துங்கள், ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும்.

கடைக்குக் கொண்டுவரும்போது திரையில் வந்த வரியை போனில் படமெடுத்து வாருங்கள். காலையில் மட்டும் வருகிறதா, ரீஸ்டார்ட்டிலும் வருகிறதா என்று குறித்து வையுங்கள். கேபிளையும் அடாப்டரையும் வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.