இரண்டு இஞ்ச் ஸ்பேசரும் நாலு இஞ்ச் உயரமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வால்பாறையிலிருந்து இறங்கிய பிக்கப் ஒன்று நேராகப் பொள்ளாச்சியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தது. இசுசு வி-கிராஸ். 33 இஞ்ச் மட் டயர், முன்னும் பின்னும் தூக்கிய பாடி, ரிம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. "அண்ணா, ஸ்டீயரிங் இடது பக்கமா இழுக்குதுங்க. அலைன்மெண்ட் மட்டும் பார்த்துக் குடுத்துருங்க, மத்தியானத்துக்குள்ள கோயமுத்தூர் போய்ச் சேரணும்" என்றார் ஓட்டி வந்த தம்பி. பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் தூங்குகிற குழந்தை.

அலைன்மெண்ட் பார்க்கும் முன் டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட் என்று சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரம் இரண்டும் தொங்கின. வலது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டதும் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், அதான் பிரேக் ஹோஸ், தட்டுப்பட்டது. வளைந்து தொங்க வேண்டிய ஹோஸ், வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரிடத்தில் டயரின் பட்டன் உரசி உரசி மேல் ரப்பர் தேய்ந்துபோய் உள்ளே இருக்கும் நூல் பின்னல் வெளியே தெரிகிறது. ஆக்ஸில் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உட்புறம் முழுக்க வட்டமாகத் தெளித்திருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் சுருள் ஸ்பிரிங்கில் இடித்த அடையாளம், பெயிண்ட் போய் இரும்பு பளபளவென்று.

இதை வைத்துக்கொண்டுதான் ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்திருக்கிறார்கள். தம்பியைக் கூப்பிட்டு அவர் விரலையே அந்த நூல் மேல் வைக்கச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. திரும்பி வண்டிக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

இந்த வருடம் மட்டும் இது நாலாவது வண்டி. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், எல்லாரும் என்னிடம் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைப் பேசிவிடலாம். "கல்லு தட்டுதுங்கண்ணா, அதான் லிஃப்ட் போட்டேன்." ஸ்பேசரும் கட்டையும் வைத்து பாடியை உயர்த்துவதைத்தான் லிஃப்ட் என்கிறார்கள். தம்பி, உங்கள் வண்டியின் அடியில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். பின் ஆக்ஸிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு ஹவுசிங் தொங்குகிறதே, அதற்குள்தான் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் இருக்கிறது. பாதையில் கல் வந்தால் முதலில் தட்டுவது அதுதான். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கான பிளேட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரண்டு இஞ்ச் கட்டை வைத்தால் எது மேலே போகும்? பிளேட், அதன் மேல் சேஸிஸ், அதன் மேல் பாடி. ஆக்ஸில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல்கூட மாறாது. நாலு இஞ்ச் தூக்கினாலும் மாறாது, பத்து இஞ்ச் தூக்கினாலும் மாறாது. அதே கல் அதே இடத்தில்தான் தட்டும்.

அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் பாதிக் கணக்கு. வி-கிராஸில் கம்பெனியிலிருந்து வருவது 255/60 ஆர் 18. அதன் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். நீங்கள் 33 என்று சொல்லி வாங்கும் 285/70 ஆர் 17 டயர் கிட்டத்தட்ட 831. வித்தியாசம் 68 மில்லிமீட்டர். ஆக்ஸில் இருப்பது சக்கரத்தின் நடுவில். ஆகவே அதில் பாதிதான் உயரம் கூடும். 34 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் அகலம். ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து நீங்கள் அந்த ஹவுசிங்குக்கு வாங்கிக் கொடுத்தது அவ்வளவுதான்.

லிஃப்ட் வீண் என்று சொல்லவில்லை. பெரிய டயர் உள்ளே உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது பம்பரும், மேட்டைத் தாண்டும்போது வயிற்றுப் பகுதியும் தட்டாது. இது வேண்டும் என்று தெரிந்து செய்பவர்களிடம் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. கல் தட்டுகிறது என்று லிஃப்ட் போட்டு, பின்னும் தட்டுகிறது என்று இன்னும் தூக்குகிறார்களே, அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

அந்தத் தம்பியின் வண்டிக்கு வருவோம். "எத்தனை இஞ்ச் போட்டீங்க?" என்று கேட்டேன். "ரெண்டுதாங்கண்ணா" என்றார். கழற்றிப் பார்த்தோம். முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் மேல் இரண்டு இஞ்ச் பருமனுள்ள இடைக்கட்டை, அதாவது ஸ்பேசர். சரிதானே என்று நினைப்பீர்கள். ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் நுனியில் உட்காருவதில்லை, ஏறக்குறைய நடுவில் உட்காருகிறது. நடுவில் ஒரு இஞ்ச் தள்ளினால் நுனியில் இருக்கும் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச் இறங்கும். ஆக, இரண்டு இஞ்ச் உயரத்துக்கு ஒரு இஞ்ச் ஸ்பேசர்தான் வைக்க வேண்டும். இவர் வண்டியில் இரண்டை வைத்துவிட்டார்கள். முன்பக்கம் நாலு இஞ்சுக்கு நெருக்கமாக எழும்பிவிட்டது. முன்பக்கம் மட்டும் தூக்கலாகத் தெரிகிறது என்று பின்னால் கட்டையையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். பொருத்திய இடத்தில் இந்தக் கணக்கு யாருக்குமே தெரியவில்லையா, தெரிந்தும் செய்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு நடப்பதெல்லாம் வரிசையாக நடக்கும். ஆக்ஸில் ஜாயிண்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் சுற்றும், பூட் கிழியும், கிரீஸ் போகும், மண் உள்ளே போகும். மேல் பால் ஜாயிண்ட் தன் எல்லையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும். அலைன்மெண்டும் வராது. சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் கேம்பர், காஸ்டர் திருகுகளை முடிந்த மட்டும் திருப்பியாயிற்று, அலைன்மெண்ட் மெஷினில் அளவு சிவப்பிலேயே நிற்கிறது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், இழுக்கிற வண்டியெல்லாம் அலைன்மெண்டில் சரியாகிவிடாது. "எப்படியாவது நேரா ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று கேட்காதீர்கள். நான் செய்ய மாட்டேன். செய்து கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயர் பெரிதாகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. 763 போய் 831 வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் போகும். கம்பெனி மீட்டர் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் முழு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் முன்பு 80-ல் ஓடிய வண்டி, மீட்டர் அதே எண்ணைக் காட்டும்போது இப்போது ஓடுவது ஏறத்தாழ 87-ல். அதை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதே நேரத்தில் டயரின் ஆரம் கூடியதால், அதே பெடலை அதே அளவு மிதித்தாலும் தரையில் கிடைக்கும் பிரேக் விசை 8 சதவீதம் குறைவு. மட் டயரின் கூடுதல் எடையைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் இதற்கு மேல். பிரேக்கில் எதையும் மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியவர்களிடம் கேட்கிறேன்: மலையில் இறங்கும்போது பெடல் மெத்தென்று ஆவதை நீங்கள் உணர்ந்ததே இல்லையா?

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். ஏறிய கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பெரிய டயர் போட்டவர்களுக்கு அதுவும் போதாது. டயர் பெரிதானதால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிட்டது, என்ஜின் பிடிப்பு குறைந்துவிட்டது. இன்னும் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். பாடி உயர்ந்ததால் வளைவில் சாய்வும் அதிகம். கூரை மேல் கூடாரமும் தண்ணீர் கேனும் ஏற்றியிருந்தால் கொண்டை ஊசியில் ஊர்ந்துதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது.

ஸ்டெப்னியைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. நாலு சக்கரத்திலும் 33, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் தொங்குவது பழைய 30. பெரியது அந்த இடத்தில் அடங்காது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். காட்டுக்குள் ஒரு டயர் கிழிந்தால் இந்தச் சின்ன டயரை மாட்டி ஃபோர் வீலில் போடுவீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சுற்று சுற்றும், முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கை வைக்க வேண்டி வரும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டினாலும் இதே கதிதான். அப்புறம் ஜாக்கி. வண்டியோடு வந்த ஜாக்கி அந்த உயரத்துக்கு எட்டுமா என்று வீட்டு வாசலில் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மழையில், சேற்றில், இருட்டில் பார்க்க வேண்டாம்.

ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசர்களும் ஆஃப்செட் ரிம்களும் தோற்றத்துக்காக மட்டும் என்றால் வேண்டாமே. பேரிங் மேல் விழும் பாரம் கூடும், ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கில் கையை உதறும்.

உண்மையில் உங்களுக்குத் தேவை பாதையில் பிடிப்பு என்றால், அதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. காற்றைக் குறையுங்கள். மணலிலும் சேற்றிலும் 18, 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கினால் டயரின் தடம் நீண்டு, வண்டி மிதந்து போகும். இரண்டு அளவு பெரிய டயர் கொடுக்காத பிடிப்பை இது கொடுக்கும். 15-க்குக் கீழே போகாதீர்கள், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கவாட்டு சூடேறி வெடிக்கும். ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸரும் காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் வண்டியில் இருந்தால் போதும். இதைச் சொன்னால் தம்பிகள் முகத்தில் ஒரு சோர்வு வரும். படம் எடுத்தால் காற்றழுத்தம் தெரியாது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், டயர் வாங்கும் முன் ஒரே ஒரு முறை இதை முயன்று பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் டயர் அளவையும் பார்க்கலாம். எதையும் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேளுங்கள். பட்டறையில் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர் உங்களுக்காகக் கோர்ட்டுக்கு வர மாட்டார்.

ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கடைசிக்கும் மறு கடைசிக்கும் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் ஹோஸில் தொய்வு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பூட்டில் வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள். பின்னால் கட்டை வைத்தவர்கள், பிளேட்டை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட் புதிதாகப் போட்டார்களா, பழையதையே மாட்டினார்களா என்று கேளுங்கள். கட்டை மேல் கட்டை அடுக்கியிருந்தால் அந்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகவே கூடாது. வண்டி உயர்ந்துவிட்டதால் ஹெட்லைட்டின் கோணத்தைக் கீழே இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எதிரில் பைக்கில் வருபவருக்குக் கண் கூசி வளைவே தெரியாமல் போகும்.

அந்தத் தம்பி அன்று கோவை போகவில்லை. மனைவியையும் குழந்தையையும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு இரண்டு நாள் இங்கேயே இருந்தார். ஸ்பேசரை எடுத்தோம், கட்டையை எடுத்தோம். ஹோஸ், பூட், மேல் பால் ஜாயிண்ட் மூன்றும் புதிது. டயர் 265/70 ஆர் 17-க்கு இறங்கினார். உயரத்தில் அந்தத் தீப்பெட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் கூடியிருக்கிறது. அந்த அளவையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். போன வாரம் டாப்ஸ்லிப் போய்விட்டு வந்து, "பிரேக் புடிக்குதுங்கண்ணா" என்றார்.

கீழ்வேலை எங்கே செய்திருந்தாலும் சரி, 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் எங்கள் பட்டறையில் நிறுத்துங்கள். பத்து நிமிட வேலை, அதற்கு நான் காசு வாங்குவதில்லை.