நிற்கிற வண்டியில்தான் மாடு வேகிறது

போன கத்திரி வெயிலில் வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தையில் இரண்டு கறவை மாடு பிடித்தோம். செவ்வாய்க்கிழமைச் சந்தை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்து, வண்டி தேடும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கிடைத்தது ஒரு பிக்கப். மூன்று பக்கமும் தகடு, மேலேயும் தகடு, பின்னால் இரட்டைக் கதவு, பார்க்கவே கெட்டியாக இருந்தது. "மாடு குதிச்சிடும்ங்கிற பயமே வேணாம் நைனா" என்று டிரைவர் என் அப்பாவிடம் சொன்னார், அப்பாவுக்கும் அந்தக் கெட்டித்தனம்தான் பிடித்தது.

மாதனூர் வரை அரை மணி நேரப் பயணம். பாதி வழியில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றி முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரை ஓரமாக வெயிலில்தான் வண்டி நின்றது. கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்று, இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் வருமே, அப்படி இருந்தது. இரண்டு மாடும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்கு நூறைத் தாண்டியது. சும்மா நிழலில் நிற்கிற மாடு நிமிஷத்துக்கு 25, 30 தடவை மூச்சு விடும்.

இரண்டும் பிழைத்தன. ஆனால் பால் ஒரு வாரம் சரியாக வரவில்லை. அதற்கப்புறம்தான் மாடு ஏற்றும் வண்டியை எப்படிப் பார்த்து எடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன், படித்தேன், கணக்குப் போட்டேன். இரும்பு எவ்வளவு கனம், வெல்டிங் எப்படி, விலை என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் உள்ளே என்ன நடக்கும் என்பது.

முதலில் மாட்டைப் பார்ப்போம். மாட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். அதன் பெருவயிற்றில் தீனி நொதித்துக்கொண்டே இருப்பதால், உள்ளே ஓர் அடுப்பு அணையாமல் எரிகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 400 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒன்று சுமார் 700 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். வீட்டில் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு அது. இரண்டு மாடு ஏற்றினால், அணைக்கவே முடியாத இரண்டு இஸ்திரிப் பெட்டியை அந்தத் தகடு அறைக்குள் வைத்துப் பூட்டுகிறோம்.

இந்தச் சூடு வெளியேற சில வழிகள் உண்டு. தோலைவிடக் காற்று குளிர்ச்சியாக இருந்தால் காற்று வாங்கிக்கொள்ளும், சுற்றியுள்ள சுவரும் கூரையும் குளிர்ச்சியாக இருந்தால் அவற்றை நோக்கிக் கதிராகப் போகும். நம்ம வேலூர் மே மாதத்தில் இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன. காற்றே 40, 41 டிகிரி இருக்கும்போது சூடு காற்றிலிருந்து மாட்டுக்குத்தான் வரும். கூரைத் தகடோ உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். சூடான பரப்பு வீசும் கதிர்வெப்பம், முழு வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்குப்படி ஏறுகிறது என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. 65 டிகிரித் தகட்டுக்கும் 38 டிகிரித் தோலுக்கும் கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் மாட்டின் முதுகில் கூடுதலாக இறங்குகிறது. நிழல் தருகிறது என்று நாம் நினைத்த கூரை மேலிருந்து சுடுகிறது.

மிஞ்சுவது நீராவி வழி ஒன்றுதான். வேர்வையும் மூச்சுமாக ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வேண்டும். 700 வாட் என்றால் மணிக்கு 25 லட்சம் ஜூல். ஆக, ஒரு மாடு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலந்தால்தான் தன் சூட்டை அதே அளவில் வைத்திருக்க முடியும்.

இந்த இடத்தில்தான் வண்டியின் கணக்கு வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறடிச் சொச்சம் உயரமுள்ள பிக்கப் பெட்டியில், மாடுகள் அடைத்த இடம் போக, ஏறக்குறைய 8 கன மீட்டர் காற்று இருக்கும். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 51 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். மத்தியானத்தில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் 15 கிராம் ஏற்கெனவே இருக்கும், மீதி 36 கிராம். எட்டு கன மீட்டருக்கும் சேர்த்து 290 கிராம் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு மாடு சேர்ந்து நிமிஷத்துக்கு 33 கிராம் ஈரத்தை விடுகின்றன. வகுத்துப் பாருங்கள், ஒன்பது நிமிஷம்கூட இல்லை. காற்றோட்டமே இல்லாத பெட்டியில் ஒன்பதாவது நிமிஷம் காற்று நனைந்த துணி மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் வேர்த்தாலும் காயாது, மூச்சு இரைத்தாலும் பயனில்லை, சூடு வெளியே போக வழியே இல்லை. நாங்கள் நின்றது இருபத்தைந்து நிமிஷம். கதவு இடுக்கில் வந்த கொஞ்சக் காற்றில்தான் அந்த மாடுகள் உயிர் பிழைத்திருக்கின்றன.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மனசுக்குத் தெம்பு வரும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் போகும்போது 10 கிராம் ஈரத்தைக் கூடுதலாக எடுத்துப் போனால் போதும் என்று வைத்தால், இரண்டு மாட்டுக்கும் நிமிஷத்துக்கு மூன்றரை கன மீட்டர் காற்று போதும். இரண்டு பக்கமும் ஒரு சதுர மீட்டர் திறப்பு வைத்து, புகை மட்டும் லேசாகச் சாயும் அளவுக்கு, நொடிக்கு அரை மீட்டர் காற்று குறுக்காக வீசினால் நிமிஷத்துக்கு 30 கன மீட்டர் வந்துவிடும். ஃபேன் வேண்டாம், ஏசி வேண்டாம், பக்கத்தில் திறப்பு இருந்தால் போதும்.

அப்போ கூரையே வேண்டாம், திறந்த வண்டி போதுமே என்று கேட்கலாம். அதுவும் தப்பு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. கறுப்பும் வெள்ளையுமான எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) சீமை மாட்டின் முதுகுப் பரப்பைக் கணக்குப் பார்த்தால், அதன் உடம்பில் உண்டாகும் சூட்டுக்கு ஏறக்குறையச் சமமாக வெயிலும் தந்துவிடும். எருமைக்கு இன்னும் மோசம், தோல் கறுப்பு, வேர்வைச் சுரப்பியும் மாட்டைவிட மிகக் குறைவு. அதனால்தான் அது குட்டையைத் தேடி ஓடுகிறது. நாட்டு மாட்டுக்குத் தோல் தளர்வாகவும் முடி குட்டையாகவும் வேர்வைச் சுரப்பி கூடுதலாகவும் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

நமக்கு வேண்டியது கல்யாணப் பந்தல் மாதிரி ஒரு வண்டி. மேலே மூடி, பக்கம் திறந்து. நம்ம ஊர் ஆட்கள் கீற்றுப் பந்தல் போடும்போது இந்த அறிவியலைத்தான் செய்கிறார்கள்: கீற்று வெயிலைத் தடுக்கும், அடிப்பக்கம் கொதிக்காது, நாலு பக்கமும் காற்று போகும். வண்டியில் கீற்று கட்ட முடியாது என்றால் தகட்டுக்கு வெளியே வெள்ளை பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் துத்தநாகத் தகடு வெயிலைத் திருப்பிவிடும் என்று நம்புகிறோம், ஆனால் அது உள்வாங்கிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் ரொம்ப மந்தம், அதனால் சூடேறியே இருக்கும். வெள்ளை பெயின்ட் வெயிலையும் திருப்பும், சூட்டையும் வெளியே விடும். கூரைக்குக் கீழே ஓர் அங்குல இடைவெளி விட்டு ஒரு பிளைவுட் பலகை அடித்தால் கதிர்வெப்பம் முதுகில் இறங்காது. கறுப்புத் தார்ப்பாயைப் பக்கமெல்லாம் இழுத்துக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வேலை.

ஓடுகிற வண்டியில் காற்று எப்படிப் போகிறது என்பது நான் படித்ததிலேயே ஆச்சரியமான விஷயம். காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும் என்றுதான் நினைத்திருந்தேன். கோழி, கால்நடை லாரிகளில் அளந்து பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, பெட்டியின் முன்பக்க ஓரங்களில், மூலையை ஒட்டி அழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் உள்ளே இருக்கிற காற்றை முன்னோக்கி உறிஞ்சும். ஆகவே புதுக் காற்று பின்பக்கமாக நுழைந்து, வண்டி போகும் திசையிலேயே முன்னே நகர்ந்து, முன் ஓரங்கள் வழியாக வெளியேறும். போகிற வழியில் பின்னால் நிற்கும் மாட்டின் சூட்டையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு முன்னால் நிற்கும் மாட்டிடம் சேரும். முன்பக்கம் மூடிய பெட்டியில், கேபினுக்குப் பின்னால் இருக்கிற அந்த மூலைதான் வண்டியிலேயே மிகச் சூடான இடம்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், லாரியில் மாடு கூடுமானவரை எஞ்சினைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்கின்றன, மிரளாமல் இருக்க. நல்ல விதி. ஆனால் அப்படி நிறுத்தினால் மாட்டின் மூக்கு போய்ச் சேருவது அந்தச் சூடான மூலையில்தான். அதனால் பாடி கட்டும்போது முன் மூலைக்கு இரண்டு பக்கமும், மாட்டின் தலை உயரத்தில், பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். பின் கதவின் மேல் பாதி கம்பியாக இருக்கட்டும். உள்ளே வரவும் வழி, வெளியே போகவும் வழி, இரண்டும் வேண்டும்.

பக்கச் சுவர் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை மூடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு படுக்கும்போது கால் வெளியே நழுவி உடையும். அதற்கு மேலே முழுக்கக் கிடைக் கம்பி. சரி, தளம்? செக்கர் பிளேட் (மேடு மேடாகப் புடைத்த இரும்புத் தகடு) போட்டால் வழுக்காது என்பார்கள், அது செருப்புக்குத்தான், கோமியமும் சாணியும் சேர்ந்த பிறகு குளம்புக்கு அது எண்ணெய் தடவின தட்டு. வழுக்குகிற தளத்தில் மாடு எல்லாச் சதையையும் இறுக்கி நிற்கும், அந்த உழைப்பும் சூடாகத்தான் மாறும். மேலே ரப்பர் பாய் அல்லது தென்னை நார்ப் பாய் போட்டு, ஒரு கூடை மணலும் வைக்கோலும் தூவினால் போதும். இரும்புத் தளத்தைக் கோமியம் அரிக்கும், வாரம் ஒருமுறை பாயைத் தூக்கிக் கழுவிக் காயவிடுங்கள். பலகைத் தளம் அடியிலிருந்து உளுத்துப்போகும், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து வாங்குங்கள்.

இடம் எவ்வளவு என்பதற்கு மோட்டார் வாகன விதியே இருக்கிறது: மாடு, எருமை ஒவ்வொன்றுக்கும் 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆடு என்றால் 0.3. இதன்படி குட்டியானை வண்டியில் ஒரு மாடு, பிக்கப்பில் இரண்டு, பன்னிரண்டுக்கு ஆறு அடி டிராக்டர் ட்ரெய்லரில் மூன்று. ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் ஸ்பிரிங் பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், பட்டை இல்லாத ட்ரெய்லர் ஒவ்வொரு பள்ளத்தையும் மாட்டின் மூட்டில் இறக்கும். அமெரிக்கப் பண்ணைகளில் பெரிய பிக்கப்பின் முதுகிலேயே கொக்கி போட்டு இழுக்கும் நீளமான ட்ரெய்லர்கள் உண்டு, நம்ம ஊர்த் தெருவில் அவை திரும்பவே இடம் போதாது.

ஏற்றுகிற பலகையில் அவசரப்பட்டு எட்டடிக்குக் குறைவாக வாங்காதீர்கள். தளம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரம் என்றால், சரிவு 20 டிகிரிக்குள் அடங்க அவ்வளவு நீளம் வேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம். மாடு இருட்டான பொந்துக்குள் கால் வைக்கத் தயங்கும், பக்கம் திறந்த வண்டிக்குள் வெளிச்சம் தெரிவதால் அதுவாகவே ஏறும், வாலை முறுக்க வேண்டிய வேலையே வராது.

தண்ணீர் ஊற்றுவது பற்றி ஒரு வார்த்தை. காற்றோடும் வண்டியில் முதுகில் ஊற்றும் தண்ணீரில் ஒரு லிட்டர் உடம்பிலேயே ஆவியானால், மாட்டின் ஒரு மணி நேரச் சூட்டை அது எடுத்துப்போகும். மூடிய பெட்டியில் ஊற்றினால் ஈரம்தான் கூடும். ஈரச் சாக்கை முதுகில் போர்த்துவதும் வேண்டாம், தோலிலிருந்து ஆவி போவதை அது தடுக்கும். கிளம்புமுன் வயிறு முட்டத் தீவனம் வைக்காதீர்கள், தின்ற சில மணி நேரத்தில்தான் நொதிக்கும் சூடு உச்சத்தில் இருக்கும். தண்ணீர் மட்டும் வேண்டிய மட்டும் காட்டுங்கள்.

இந்த வருஷம் குடியாத்தம் ரோட்டில் ஒரு பட்டறையில் பழைய பிக்கப் ஒன்றுக்குப் பாடி கட்டினோம். முன் மூலையில் ஜன்னல் கேட்டபோது பட்டறை அண்ணன், "மழைத்தண்ணி அடிக்குமே தம்பி" என்றார். மாட்டுக்கு மழை ஒன்றும் செய்யாது என்று சொல்லி வெட்ட வைத்தேன். மே இரண்டாவது செவ்வாய், அதே பொய்கை, அதே சாலை. வழியில் வேண்டுமென்றே ஒரு புளியமரத்தடியில் பத்து நிமிஷம் நிறுத்தி, உள்ளே ஏறி மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கக் கம்பி வழியாக வந்த காற்று சட்டையைத் தள்ளிக்கொண்டு மறு பக்கம் போனது. மாதனூரில் இறக்கியதும் விலாவைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 44. வாய் மூடியே இருந்தது, தொட்டியைக் கண்டதும் நேராகப் போய்த் தண்ணீரில் மூக்கை வைத்தது.